கப்பல் தட்டுக்கு நான் காட்டிய ரசீது

என் வீட்டில் நாற்பத்தெட்டு எவர்சில்வர் தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் திருடவில்லை. இப்படி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதே என்று எழுதும்போதே எரிச்சல் வருகிறது. வேறு யாராவது தன் வீட்டுத் தட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது, கனமான தட்டு, இன்னும் நெளியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் முதல் வரியிலேயே கையை விரித்துக் காட்டுகிறேன்.

தட்டுகள் ஒரு கப்பலிலிருந்து வந்தவை. சென்னையிலிருந்து தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்த பயணிகள் கப்பல். அதன் பேன்ட்ரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அடுப்படியிலிருந்து வரும் சாப்பாட்டைப் பரிமாறி, எச்சில் தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கும் இடத்துக்குத்தான் பேன்ட்ரி என்று பெயர். கப்பலின் பெயரை எழுதப் போவதில்லை. அது பழைய கப்பல்களை உடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாவம், அதை எதற்கு இந்த வம்புக்குள் இழுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தட்டின் அடியிலும் அந்தப் பெயரை ஆழமாக அழுத்திப் பதித்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு சின்ன நங்கூரம் வைத்து.

கரையில் இருக்கிறவர்களுக்குத் தட்டு என்றால் தட்டு. கடலில் அது சும்மா இருக்காது. மழைக்காலத்தில் கப்பல் ஆட ஆரம்பித்தால் மேசைமேல் ஈரத்துணியை விரிப்போம். துணி ஈரமாக இருந்தால் தட்டு வழுக்காது. மேசை விளிம்பில் விரல் உயரத்துக்குக் கட்டை அடித்திருக்கும். டம்ளரில் பாதிக்கு மேல் எதையும் ஊற்றக்கூடாது. ரசம் கேட்கிறவரிடம், "அண்ணே, கடல் அடங்கட்டும், அப்புறம் தாரேன்" என்று சொல்வோம். அதற்காகவே தட்டுகளைக் கனமாகவும் விளிம்பை உயரமாகவும் செய்திருந்தார்கள். என் மனைவிக்கு அந்தக் கனம் பிடிக்கவே பிடிக்காது. "ஒண்ணொண்ணும் ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கு. உங்க கப்பலு இதுனாலதான் கிழடாப் போயிருக்கும்" என்பாள்.

கப்பலிலும் மேலே கீழே உண்டு. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். கேபினில் போகிறவர்களுக்குப் பீங்கான், கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் போகிறவர்களுக்கு எவர்சில்வர். ஆனால் அது டிக்கெட்டைப் பொறுத்த விஷயம். இந்தத் தடவை பங்கில் வந்தவர் அடுத்த தடவை கேபின் டிக்கெட் எடுத்தால் பீங்கானில் சாப்பிடலாம். அலங்காநல்லூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரில் அந்தமாதிரி டிக்கெட்டை எந்தக் கவுண்டரிலும் விற்கவில்லை. டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்கென்று நசுங்கிய அலுமினியக் குவளைகள் கடைக்கு வெளியே ஒரு கம்பியில் தொங்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, அதே கம்பியில் மாட்ட வேண்டும். உள்ளே கண்ணாடி கிளாஸ் வரிசையாக இருக்கும். சின்ன வயதில் அந்தக் கிளாஸ் கண்ணில் பட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டது. ஊர் திருந்திவிட்டது என்கிறார்கள். பேப்பர் கப்பைக் கண்டுபிடித்தவன் திருந்தியிருக்கலாம், ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது.

கப்பலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு முறை முடிந்து நான் ஒரு தட்டை எடுத்துச் சாப்பிட்டேன். அதில் ஒரு ஓரம் லேசாக நெளிந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியும். சாயங்காலம் அதே தட்டில் ஒரு என்ஜினியர் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்துவிட்டேன், யாராவது பார்த்தால் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, கூட வேலை பார்த்த கேரளத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நான் சொல்வது புரியவே இல்லை. "கழுவினாயல்லவா? பிறகென்ன?" என்றார். அந்த மனுஷரின் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தத் தட்டுகள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அதன் அடியில் ஒரு ஆளின் பெயர் கிடையாது, ஒரு தெருவின் பெயர் கிடையாது. கப்பலின் பெயர் மட்டும்தான். ஏறினவனெல்லாம் அதில் சாப்பிட்டான்.

கப்பலுக்கு வயதாகி ஓட்டத்தை நிறுத்தியபோது எனக்கும் வயதாகியிருந்தது. உள்ளே இருந்த கட்டில், நாற்காலி, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பழைய சாமான் வியாபாரி மொத்தமாக ஏலத்தில் எடுத்தார். நான் அவரிடம் போய் நின்று, தட்டிலும் டம்ளரிலும் ஒரு பங்கு எனக்கு வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு விலை சொன்னார், பணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை போட்டு ரசீதும் கொடுத்தார். சாக்கில் கட்டி, லாரி பார்சலில் மதுரைக்கு அனுப்பி, அங்கிருந்து மினிவேனில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அடுத்த வருடம் ஊரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். மனைவி வாழை இலை போடலாம் என்றாள், மகனும் அதையே சொன்னான். இலை போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்தான் பிடிவாதமாக, கப்பல் தட்டில்தான் எல்லாரும் சாப்பிட வேண்டும் என்றேன். வாழை விளைகிற ஊரில் விருந்துக்குத் தட்டைப் போடுகிறானே, கப்பலிலேயே இருந்து இருந்து இவனுக்கு உப்புத்தண்ணி மூளைக்கு ஏறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நாற்பத்தெட்டுத் தட்டையும் புளி போட்டு நானே விளக்கினேன்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது பெரிய வீட்டுக்காரர் வந்தார். என் அப்பா காலம் முழுக்க வேலை பார்த்தது அவருடைய அப்பாவின் வயலில். இவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. அவர் வீட்டு ஆட்கள் எங்கள் தெரு விசேஷத்துக்கு வந்தால் பந்தியில் உட்கார மாட்டார்கள். மூடி திறக்காத கலர் சோடா பாட்டிலைக் கொண்டுபோய், அவர்கள் கண்முன்னால் திறந்து கொடுக்க வேண்டும். கம்பெனியில் அடைத்து வந்ததால் அதில் எங்கள் கை படவில்லை என்று கணக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டிலை முதல் நாளே வாங்கி வைக்கச் சொன்னது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். இருபத்தாறு வருடம் கடலைப் பார்த்துவிட்டு வந்த நான்தான்.

அவர் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலரைக் குடித்தார். பக்கத்து மேசையில் கழுவி அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்துக் கனம் பார்த்தார். பிறகு திருப்பினார். அடியில் இருந்த பெரிய எழுத்துகளைத் தள்ளிப் பிடித்துக் கூட்டி வாசித்தார்.

"என்னப்பா, கப்பல் பேரு போட்டுருக்கு? வேலைய விட்டு வரும்போது அப்படியே அள்ளிக்கிட்டு வந்துட்டியா?"

சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், எங்கள் தெரு ஆட்கள் உட்பட.

"ஐயா, இல்லைங்கய்யா. ஏலத்துல வந்தது. வாங்குனதுங்கய்யா" என்றேன்.

"அட, யாரு இல்லங்கிறா" என்று இன்னொரு மடக்குக் குடித்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஒரு குற்றமும் இல்லாத என் நெஞ்சு அன்றைக்கு எப்படிக் குறுகுறுத்தது என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் ஓடினேன். நடந்தேன் என்று எழுத ஆசைதான், ஓடினேன். பீரோவைத் திறந்து பட்டாப் பத்திரம் வைத்திருந்த பையைக் கொட்டினேன். "விசேஷ வீட்டுல என்ன தேடுறீக?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள். ரசீதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அவர் முன்னால் இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் ரசீது கேட்கவில்லை, போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நானாகப் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அந்த ஆள் எங்கள் வீட்டுப் பந்தலில் நின்று ரசீதை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தார். கேட்டு முடித்ததும் பெரிய வீட்டுக்காரர் அதை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"சும்மா கேட்டேன்ப்பா. உன்னய எனக்குத் தெரியாதா? உங்கப்பன் எங்க களத்துல அம்புட்டு நெல்லு கெடந்தும் ஒரு மணியத் தொட்டவன் இல்ல."

நான் கும்பிட்டேன். சிரிக்கவும் செய்தேன். என் அப்பாவுக்கு நல்லவன் என்று சான்றிதழ் கொடுக்க இவர் யார்? எங்கள் அப்பா தன் கையால் விளைய வைத்த நெல்லில் ஒரு மணியைத் தொடவில்லை என்பது பெருமையா? இந்தக் கேள்வியெல்லாம் அவர் போன பிறகுதான் எனக்கு வந்தது. எங்களுக்குக் கோபம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் பரண்மேலும் அடுப்படியிலும் தட்டுகளைக் காணவில்லை. மனைவியிடம் கேட்டால், மகன் பாலிஷ் போடக் கொண்டுபோயிருக்கிறான் என்றாள். மகன் வாடிப்பட்டியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல பிள்ளை, அதிகம் பேச மாட்டான். சனிக்கிழமை சாயங்காலம் தட்டுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஒன்றை எடுத்தேன், முகம் பார்க்கலாம்போல மின்னியது. திருப்பினேன். கப்பல் பெயரும் இல்லை, நங்கூரமும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மழமழவென்று ஒரு வட்டம் மட்டும் இருந்தது. எல்லாத் தட்டிலும் அப்படித்தான். பட்டறை மெஷினில் வைத்துத் தேய்த்திருக்கிறான்.

"இனிமே ஒரு பயலும் ஒண்ணும் கேக்க மாட்டான்ப்பா" என்றான்.

மறுநாள் விடியும்வரை பொறுத்திருந்து, ஒரு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். பாத்திரக் கடைத் தெருவில் பேர் வெட்டுகிற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். எங்கள் பக்கத்தில் பெயர் இல்லாத பாத்திரமே கிடையாது. சீர் கொடுத்தால் பெயர், கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்தால் பெயர், மொய்க்கு ஒரு சொம்பு வைத்தாலும் பெயர். பந்தியில் கலந்துபோனாலும் பெயரைப் பார்த்து வீடு தேடி வந்துவிடும். அந்தக் கப்பல் பெயரையே திரும்ப வெட்டச் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தட்டைத் திருப்பினார். அந்த வட்டத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"அண்ணே, இதுல ஏற்கெனவே ஒரு பேரு இருந்திருக்கே."

"ஆமா. அதே பேரத்தான் வெட்டணும்."

"அப்ப எதுக்கு அழிச்சீங்க?"

என்ன சொல்வது? என் பையன் அழித்தான், என்னை ஒருத்தர் கேலி செய்தார், அவர் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார் என்று முதலிலிருந்து சொல்லவா? பேர் வெட்டுகிறவர் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பேரத் தேச்ச பாத்திரத்துல நாங்க கை வைக்கிறதில்ல, எங்க அய்யா காலத்துலருந்தே வழக்கம். தேய்க்கிறவங்க ஒரே ஒரு காரணத்துக்குத்தான் தேப்பாங்க. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழில் தர்மத்தைச் சொன்னார். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. பெயர் இருந்தவரைக்கும் கேலிக்காகத்தான் ஒருவர் என்னைத் திருடன் என்றார். இப்போது பாத்திரம் தெரிந்த யார் எடுத்துத் தடவினாலும் திருட்டுப் பொருள் என்றே சொல்வார்கள். வாங்கிய பொருளைத் திருட்டுப் பொருளாக்கிக் கையில் கொடுத்துவிட்டான் என் மகன், அதுவும் பாலிஷ் போட்டு.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "ஏண்டா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்ன கதையா இருக்கே! களவாண்டவன்தாண்டா பேர அழிப்பான்! நான் எதுக்குடா அழிக்கணும்? ஊரு சிரிச்சா நீயும் சேந்து என்னயக் களவாணி ஆக்குவியா?" அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும். மனைவி, "மெதுவா, மெதுவா" என்று வாசல் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் இதில் பங்கு இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள்தான் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்திருக்கிறாள்.

மகன் நான் முடிக்கும்வரை நின்றான். பிறகு சொன்னான்.

"ஊரு சிரிச்சதுக்காக அழிக்கலப்பா. நீங்க உள்ள ஓடுனீங்கல்ல, அப்ப நான் சாம்பார் வாளியோட அங்கனதான் நின்னேன். அந்தாளு வாசிக்கச் சொல்லிக் கேட்டான், நீங்க கும்புட்டுட்டு நின்னீங்க. அதுக்கப்பறம் அந்தத் தட்டுல சோத்தப் போட்டா எனக்கு எறங்கலப்பா. அம்மாகிட்டக் கேளுங்க. ரெண்டு மாசமா நான் டிபன்பாக்ஸ் மூடியிலதான் திங்கிறேன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நான் கவனிக்கவில்லை. அவன் சொன்னது எனக்கு வலித்தது. கோபமும் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. என் மகன் என்னை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறான், தட்டை நினைத்து அல்ல. நான் அந்தப் பெயருக்காகப் பாத்திரக் கடைத் தெரு வரைக்கும் போனேன். அவன் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், கையில் காகிதத்தோடு நிற்கிற என்னைத்தான் பார்த்திருக்கிறான்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. பைக் சாவி எங்கே, கரண்ட் பில் வந்ததா என்ற அளவில் ஓடியது. தட்டுகள் பெட்டியிலேயே கிடந்தன.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய வீட்டுக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணம். எங்கள் தெருவுக்குப் பத்திரிகை கொடுக்க வந்தால் அவர்கள் படியேற மாட்டார்கள். வாசலில் வண்டியை நிறுத்தி, நம்மை வெளியே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வெளியே வந்தேன். மகன் பின்னால் வந்து நிலைப்படியில் நின்றான். அவர் பத்திரிகையை நீட்டி, குடும்பத்தோடு வர வேண்டும் என்றார்.

"உள்ள வாங்கண்ணே. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன்.

ஐம்பது வருடத்துக்கு மேலாக அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கப்பலில் எல்லாரையும் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய், ஊருக்குள் இறங்கியதும் தானாக ஐயாவுக்கு மாறிவிடும். அன்றைக்கு மாறவில்லை. அவருக்கும் அது கேட்டது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இப்பத்தான்ப்பா குடிச்சேன். இன்னும் நாலு தெருவுக்குப் போகணும்."

"எங்க வீட்டுல நீங்க எப்பவும் இப்பத்தான் குடிச்சிட்டு வாரீங்கண்ணே. எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு எறங்காதுன்னா உங்க வீட்டுச் சோறு எங்களுக்கு எறங்காது. பத்திரிகைய நீங்களே வச்சுக்கங்க. பிள்ள நல்லா இருக்கட்டும்."

"என்னப்பா பேச்சு இது? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? அன்னைக்கித் தட்டப் பத்திக் கேட்டத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறியா?"

"அந்தத் தட்டு எங்க வாங்குனது, எப்பிடி வந்ததுன்னு இனி நான் யாருக்கும் சொல்ல மாட்டேண்ணே. களவாண்டதுன்னு நெனச்சா நெனச்சுக்கங்க."

அவர் கொஞ்ச நேரம் பத்திரிகையை நீட்டியபடியே நின்றார். நான் கையை நீட்டவில்லை. பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார், எதிர் வீட்டில்கூட நிற்கவில்லை. எனக்கு உள்ளே ஒரு பெரிய சந்தோஷம். இருபத்தாறு வருடக் கடலில் வராத தைரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் முகத்திலும் சிரிப்பு இருக்கும், அப்பா என்று கையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் அந்தப் பேர அழிச்சிருக்கவே மாட்டேன்ப்பா" என்றான்.